நாலு சேனலும் ஒரு நூலும்

மைக் சத்தத்தைக் கணினிக்குள் கொண்டு போகும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதில் மைக் செருக நாலே நாலு இடம்தான் (சேனல்) உண்டு. பாட்டு, கிட்டார், வயலின் என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்த வரைக்கும் அது ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை. போன மே மாதம் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில், நண்பர்களின் ஐந்து பாட்டுக்கு டிரம்ஸ் பதிவு செய்ய உட்கார்ந்தபோதுதான் கை கட்டிப் போட்ட மாதிரி இருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய ஸ்டுடியோவில் ஒரு சாதாரண டிரம் செட்டுக்கு கிக்கின் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, ஸ்னேருக்கு (டிரம்மருக்கு நேர் முன்னால் இருக்கும் கூர்மையான டிரம்) மேலே ஒன்று, கீழே ஒன்று, மூன்று டாமுக்கு (உருட்டி வாசிக்கும் டிரம்கள்) மூன்று, ஹை-ஹாட்டுக்கு (காலால் திறந்து மூடும் இரட்டைத் தட்டு) ஒன்று, செட்டுக்கு மேலே ஓவர்ஹெட் இரண்டு, அறையின் ஓசைக்கு இரண்டு என்று பன்னிரண்டு மைக் வரைக்கும் வைப்பார்கள். எங்களிடம் இருந்தது நான் வைத்திருக்கும் ஒரு ஜோடி சின்ன கண்டென்சர் மைக் (நுணுக்கமான ஓசையையும் பிடிப்பவை), ஒரு எஸ்எம்57 (ஸ்னேருக்கு நிறையப் பேர் வைக்கும் மைக்), அப்புறம் எங்கள் தெருவில் மைக் செட் வாடகைக்கு விடும் அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கி வந்த இரண்டு டைனமிக் மைக் (ஓங்கிய சத்தத்தைத் தாங்குபவை). அவர் கோயில் கொடைகளில் தவிலுக்கு வைப்பவை அவை. மைக் ஐந்து, சேனல் நாலு.

டிரம் செட், அதை வாசிக்கும் தம்பியுடையது. ஞாயிறுதோறும் ஆலயத்தில் வாசிப்பவன், கை சுத்தமான கை. தாளத்தில் அவனை ஒரு தப்பு சொல்ல முடியாது. அதனால் பதிவு நன்றாக வராவிட்டால் அதற்குக் காரணம் முழுக்க நான்தான் என்பது எனக்கு முதலிலேயே தெரியும், அந்த பயமும் இருந்தது.

முதல் நாள் நான் செய்தது, இப்படி மைக் குறைவாக இருக்கும் யாரும் முதலில் செய்யக்கூடியது. நாலு மைக்கையும் டிரம்களின் கிட்டே கொண்டு போய் வைத்தேன். கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, இரண்டு டாமுக்கும் நடுவில் ஒன்று, ஃப்ளோர் டாமுக்கு (தரையில் நிற்கும் பெரிய டாம்) ஒன்று. சிம்பல் தட்டுகளின் சத்தம் எப்படியும் எல்லா மைக்கிலும் புகுந்து வரும், தனியாக எதற்கு என்று நினைத்தேன். புகுந்து வரத்தான் செய்தது. ஆனால் டாம் மைக்கின் முதுகுப் பக்கமாக நுழைந்து வந்த சிம்பல், பக்கத்து வீட்டில் யாரோ தட்டைக் கீழே போட்ட மாதிரி கேட்டது. ஹை-ஹாட் ஸ்னேர் மைக்கில் மட்டும் கூர்மையாகக் குத்தியது, ஸ்னேரைக் கூட்டினால் அதுவும் கூடவே ஏறியது. டாம்கள் இரண்டும் அடிக்காதபோதும் ரீங்காரமிட்டுக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு டிராக்கையும் தனியாகக் கேட்டால் பரவாயில்லை, சேர்த்துக் கேட்டால் நாலு பேர் நாலு அறையில் உட்கார்ந்து வாசித்த மாதிரி. தம்பி ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: “அண்ணே, இது என் செட்டு மாதிரியே இல்லையே.”

அன்றைக்கு ராத்திரி அவனை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிவிட்டு, நான் காதை மட்டும் கொண்டு போனேன். ஒரு காதைப் பொத்திக்கொண்டு கிக்கின் முன்னால் குனிந்து, டாமின் பக்கத்தில் நின்று, பிறகு ஸ்டூல் போட்டு ஏறி அவன் தலைக்கு மேலே. டிரம்ஸ் சத்தத்துக்கு இவ்வளவு கிட்டே காதை வைப்பதென்றால் மெதுவாக வாசிக்கச் சொல்லி, அதுவும் ஒரு நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும், காது போனால் வராது. தம்பியின் வலது தோளுக்குச் சற்று மேலே ஒரு இடத்தில் எல்லாமே இருந்தது. ஸ்னேரும் கிக்கும் ஹாட்டும் டாமும், அவன் எந்த அளவுக்கு எதை அடிக்கிறானோ அந்த அளவுக்கு. யோசித்தால் இது இயல்பான விஷயம்தான். தன் காதுக்கு எது சரியாகக் கேட்கிறதோ அதை வைத்துத்தான் எந்த டிரம்மரும் கையின் பலத்தைக் கூட்டிக் குறைக்கிறார். அவர் காதுக்குப் பக்கத்திலேயே அந்தக் கலவை தயாராக இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தனித்தனியாகப் பிரித்து மறுபடி நானே சேர்க்கப் பார்த்ததுதான் முதல் நாளின் தப்பு.

மறுநாள் தலைகீழாக மாற்றினேன். கண்டென்சர் இரண்டும் ஓவர்ஹெட், அதுதான் டிரம்ஸ். மீதி இரண்டு சேனலில் கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, அவை வெறும் துணைக்கு. டாமுக்கு மைக்கே இல்லை.

இரண்டு ஓவர்ஹெட்டை எங்கே வைப்பது என்பதில்தான் அன்றைய நேரத்தில் பாதி போனது. அந்த நேரம் வீணில்லை என்று இப்போதும் சொல்வேன். ரெக்கார்டர்மேன் என்று வழங்கும் ஒரு முறையை எடுத்துக்கொண்டேன். ஒரு மைக் ஸ்னேருக்கு நேர் மேலே, இரண்டு டிரம் குச்சியை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தினால் வரும் உயரத்தில். 16 அங்குலக் குச்சி இரண்டு என்றால் சுமார் 81 சென்டிமீட்டர். இன்னொரு மைக் டிரம்மரின் வலது தோளுக்கு மேலே, ஸ்னேரின் நடுவிலிருந்து அதே இரண்டு குச்சி தூரத்தில், ஸ்னேரைப் பார்த்து. இதோடு விட்டால் ஸ்னேர் மட்டும் நடுவில் நிற்கும், கிக் ஒரு பக்கமாகச் சாயும். கிக்கிலிருந்தும் இரண்டு மைக்குக்கும் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்குத்தான் நூல்.

அம்மா பூக்கட்டும் நூல்கண்டிலிருந்து ஒரு நீளம் எடுத்தேன். ஒரு முனையை ஸ்னேரின் நடுவில் டேப் வைத்து ஒட்டினேன், இன்னொரு முனையை கிக்கில் பீட்டர் (பெடலில் இருக்கும் சுத்தி) வந்து அடிக்கும் இடத்தில். நூலின் நடுப்பகுதியை ஸ்னேருக்கு மேலே இருக்கும் மைக்கின் முனை வரைக்கும் இழுத்து, இரண்டு பக்கமும் விறைப்பாக இருக்கும்போது மைக்கைத் தொடும் இடத்தை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பிடியை விடாமல் நூலை அப்படியே தோள் பக்கம் கொண்டு போனால், இரண்டு பக்கமும் மறுபடி விறைக்கும் இடங்களில் எங்கே வைத்தாலும் ஸ்னேருக்கும் கிக்குக்கும் தூரம் முதல் மைக்கைப் போலவே இருக்கும். அதில் தம்பியின் முழங்கை இடிக்காத ஓர் இடத்தில் இரண்டாவது மைக். டேப் அளவுகோலை விட நூல் வசதி, எண்ணைக் குறித்து வைக்கவே வேண்டாம்.

இந்தத் தூரக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். நம் ஊர் வெயிலில், 30 டிகிரி வெப்பத்தில், ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். அதாவது 35 சென்டிமீட்டர் கடக்க ஒரு மில்லி நொடி. இரண்டு மைக்கில் ஒன்று ஸ்னேரிலிருந்து 35 சென்டிமீட்டர் அதிகத் தள்ளி இருந்தால், அதே அடி அதில் ஒரு மில்லி நொடி தாமதமாக வந்து சேரும். 500 ஹெர்ட்ஸ் அலை ஒன்று முழுதாக ஏறி இறங்க இரண்டு மில்லி நொடி ஆகிறது, ஆக ஒரு மில்லி நொடி தாமதம் என்றால் ஒரு மைக்கில் அலை மேலே ஏறும்போது மற்றதில் கீழே இறங்குகிறது. இரண்டையும் சேர்த்தால் அந்த 500 ஹெர்ட்ஸ் அடிபட்டுப் போகிறது. கூடவே 1,500, 2,500 என்று மேலே மேலே ஒவ்வொரு இடத்திலும் ஒரு பள்ளம். சீப்பின் பல் மாதிரி. இடம், வலம் என்று பிரித்து ஹெட்ஃபோனில் கேட்கும்போது இது அவ்வளவாகத் தெரியாது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகச் சேரும் ஃபோன் ஸ்பீக்கரில் போட்டால், அதாவது நம் பாட்டை நிறையப் பேர் கேட்கப்போகிற விதத்தில் கேட்டால், ஸ்னேர் வற்றிப்போய் கேட்கும்.

இதே கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, இது எனக்கு உண்மையிலேயே கண் திறந்த மாதிரி இருந்தது. ஸ்னேரின் ஓரத்தில் எஸ்எம்57 தோலிலிருந்து 5 சென்டிமீட்டரில் இருக்கிறது. ஓவர்ஹெட் 81 சென்டிமீட்டரில். வித்தியாசம் 76. இந்தத் தூரத்துக்கு எந்த அலை தலைகீழாகும் என்று பார்த்தால் 230 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. ஸ்னேரின் உடம்பே 200 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் இருக்கிறது. அதாவது ஓவர்ஹெட்டோடு ஸ்னேர் மைக்கை அப்படியே சேர்த்தால், எந்தத் தடிமனுக்காக அந்த மைக்கை வைத்தோமோ அந்தத் தடிமனே அடிபடுகிறது. அலையைத் தலைகீழாகத் திருப்பும் போலாரிட்டி பொத்தானை ஸ்னேர் டிராக்கில் அழுத்தியதும் சத்தம் சட்டென்று உப்பி முன்னால் வந்தது. ஈக்யூ (தொனிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) எதுவும் தொடவில்லை. முதல் நாள் நான் 200 ஹெர்ட்ஸைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் வராத தடிமன் அது.

கிக்குக்கும் இதைச் செய்து பார்க்க வேண்டும், அங்கே காரணம் வேறு. பீட்டர் தோலை முன்பக்கமாகத் தள்ளுகிறது. முன்தோலில் இருக்கும் ஓட்டையருகே உள்ள மைக்குக்குக் காற்று நெருக்கிக்கொண்டு வருகிறது, டிரம்மர் பக்கம் மேலே இருக்கும் மைக்குக்கோ அதே கணத்தில் காற்று இழுபட்டுப் போகிறது. ஒன்றுக்கொன்று எதிர். கிக் மைக்கின் போலாரிட்டியைத் திருப்பிப் போட்டுக் கேளுங்கள், எது கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். கணக்கெல்லாம் எங்கே தேடுவது என்று காட்டும், முடிவு காதுதான்.

மைக்கைத் திருப்பி வாங்கிப் போக வந்த அண்ணாச்சி கிக் மைக் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். நான் அதை ஓட்டைக்குள் முழுக்க நுழைத்து, பீட்டர் அடிக்கும் இடத்துக்கு ஒட்டி வைத்திருந்தேன். “தவிலுக்கு நாங்க தோல்ல ஒட்டி வைக்க மாட்டோம், ஒரு சாண் தள்ளி வச்சாத்தான் நாதம் வரும்” என்றார். வெளியே இழுத்து, மைக்கின் முகம் ஓட்டையின் விளிம்பில் இருக்கும்படி வைத்தோம். ‘டப்’ என்று இருந்தது ‘தும்’ என்று மாறியது. மைக்கை இன்னும் மூன்று நாள் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டும் போனார். முப்பது வருஷமாகக் கோயில் முன்னால் மைக் வைக்கிற ஒருவரின் காது அது, நான் அதை மதிக்கிறேன்.

கிக்கின் உள்ளே ஒரு பழைய போர்வையை மடித்து, அடிக்கும் பக்கத்துத் தோலை லேசாகத் தொடும்படி வைத்தோம். இந்தப் பழக்கத்துக்குப் பெரிய சரித்திரமே உண்டு. 1966-ல் லண்டன் ஈஎம்ஐ ஸ்டுடியோவில் பீட்டில்ஸ் பதிவின்போது, இருபது வயதே ஆன எஞ்சினியர் ஜெஃப் எமெரிக், ரிங்கோ ஸ்டாரின் கிக்குக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, அந்த ஸ்டுடியோ அதுவரைக்கும் அனுமதித்ததை விட மைக்கை மிகவும் கிட்டே கொண்டு போனார். அப்போது அவர்களிடம் இருந்தது நாலு டிராக் டேப். அந்த நாலில்தான் பாட்டு, கிட்டார், டிரம்ஸ் எல்லாமே அடங்க வேண்டும். என் நாலு சேனலும் டிரம்ஸுக்கு மட்டுமே என்பதை நினைத்தால் நான் குறை சொல்ல இடமே இல்லை. சென்னையிலும் அந்தக் காலத்து சினிமாப் பாட்டுகள் பாடகர், வயலின்கள், தபேலா, டிரம்ஸ் எல்லாம் ஒன்றாக வாசித்துப் பதிவானவைதான். இளையராஜாவின் பாட்டுகளில் புருஷோத்தமன் வாசித்த டிரம்ஸை இப்போது கேட்டாலும் செட் முழுசாக ஓர் ஆளின் கையாகக் கேட்கிறது. எனக்கு வேண்டியது அதுதான்.

சரி, அறைக்கு வருகிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி, உயரமும் பத்தடி, சுற்றிலும் பூசிய செங்கல் சுவர், தரையில் டைல்ஸ். கை தட்டினால் ‘ட்ர்ர்’ என்று ஓர் எதிரொலி. இதில் மோசமானது அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பது. பத்தடி இடைவெளியில் 57 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு முழக்கம் எழும், இரண்டு திசையிலும் அதே எண் என்பதால் இரண்டு மடங்காக எழும், கிக்கின் அடித்தொனியும் அந்தப் பக்கம்தான். சுவரை ஒட்டிப் போட்டிருந்த செட்டை நகர்த்தி அறைக்குள் கொஞ்சம் கொண்டு வந்தபோது அந்த முழக்கம் பாதி அடங்கியது. தரையில் முதலில் வீட்டில் இருந்த பத்தமடைப் பாய் இரண்டை விரித்தோம், ஒரு வித்தியாசமும் இல்லை. பாய் ரொம்ப மெல்லிசு. பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டதும் கிக் வழுக்கிப் போவதும் நின்றது, டைல்ஸின் பளீர் சத்தமும் குறைந்தது.

உண்மையில் பெரிய மாற்றம் தந்தவை இலவம்பஞ்சு மெத்தைகள். வீட்டில் மூன்று, பக்கத்து வீட்டில் இரண்டு. கனமான பஞ்சு மெத்தை ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்தால் கடையில் விற்கும் மெல்லிய ஸ்பாஞ்சை விட எவ்வளவோ மேல். நாலைச் சுவர்களில் சாய்த்தோம். ஐந்தாவதை ஓவர்ஹெட்டுகளுக்கு மேலே மின்விசிறிக் கொக்கியிலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்டோம், இது மட்டும் மிகக் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை, கீழே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். பத்தடிக் கூரை என்றால் சிம்பல் சத்தம் மேலே போய் முட்டி பத்து மில்லி நொடி வாக்கில் மைக்குக்குத் திரும்பி வந்துவிடும். முன்னால் சொன்ன அதே சீப்பு இங்கேயும் உண்டு. மெத்தை தொங்கியதும் சிம்பலில் இருந்த தகரச் சத்தம் போய்விட்டது.

விசிறிக் கொக்கி மெத்தைக்குப் போய்விட்டதால் விசிறியும் இல்லை. இருந்தாலும் போட்டிருக்க முடியாது, கண்டென்சர் மைக் விசிறிக் காற்றை அப்படியே பிடிக்கும். மே மாதப் பகலில், ஐந்து மெத்தை சூழ்ந்த அறையில், ஜன்னலை மூடிக்கொண்டு வாசிப்பது என்ன பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு டேக்குக்கு (ஒரு தரம் வாசித்துப் பதிவு செய்வது ஒரு டேக்) ஒரு முறை கதவைத் திறந்து மோர் குடித்துவிட்டு வந்து தொடர்ந்தோம். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடிய நேரத்தில் எல்லா டிராக்கிலும் மெல்லிய ‘ஙீ’ ஒன்று ஏறியது. லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டியதும் அது போனது. அதன் பிறகு கரண்ட் இருந்தாலும் டேக் எடுக்கும்போது சார்ஜரைச் செருகவே இல்லை.

டாமுக்கு மைக் இல்லாதபோது எல்லாப் பொறுப்பும் ட்யூனிங்கின் மேலும் கையின் மேலும் விழுகிறது. கிட்டே மைக் இருந்தால் ரீங்காரத்தை மிக்ஸில் வெட்டிவிடலாம், மந்தமான டாமை ஈக்யூவில் எழுப்பலாம். இங்கே ஓவர்ஹெட்டில் ஒரு டாமை மட்டும் தொடவே முடியாது. அதனால் ஒரு முழுக் காலையையும் அதற்கே கொடுத்தோம். ஒவ்வொரு திருகுக்குப் பக்கத்திலும் விரலால் தட்டி, சுற்றிலும் ஒரே சுருதி வரும் வரைக்கும் கீயைத் திருப்பி, கீழ்த்தோலை மேல்தோலை விடக் கொஞ்சம் கூடுதலாக இழுத்தோம். ஃப்ளோர் டாமில் கேஃபர் டேப் என்ற துணி டேப்போடு ஒரு டிஷ்யூ பேப்பரை மடித்து ஓரத்தில் ஒட்டியதும் அதன் நீள முழக்கம் அளவாகிவிட்டது. கிக் பெடல் ‘கீச்’ என்றது, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. இதெல்லாம் சின்ன விஷயம் போல இருக்கும். ஆனால் ஓவர்ஹெட்டை நம்பிப் பதிவு செய்யும்போது அந்தக் கீச்சு ஐந்து பாட்டு முழுக்க வரும்.

கையைப் பற்றித் தம்பியிடம் சொல்வதுதான் எனக்குத் தயக்கமாக இருந்தது. நன்றாக வாசிப்பவனிடம் போய் ஹை-ஹாட்டை மெதுவாக அடி என்று எப்படிச் சொல்வது? ஆலயத்தில் டிரம்ஸுக்கு மைக் வைப்பதில்லை, அவ்வளவு பெரிய கூட்டத்தின் பாட்டுக்கு மேலே தாளம் கேட்க வேண்டும் என்றால் ஹாட்டை ஓங்கித்தான் அடித்தாக வேண்டும், அது பல வருஷப் பழக்கம். நான் எதுவும் சொல்லவில்லை, ஓவர்ஹெட் இரண்டை மட்டும் அவன் காதில் போட்டேன். முப்பது நொடியில் அவனே சொன்னான், “ஹாட்டு ரொம்ப முந்துது அண்ணே, நான் குறைச்சுக்கிறேன்.” சிம்பல் ஸ்டாண்டுகளை நாலு விரற்கடை உயர்த்தி, ஸ்னேரையும் டாமையும் கொஞ்சம் அழுத்தி அடித்தான். அவ்வளவுதான், மிக்ஸ் பாதி முடிந்துவிட்டது. ஸ்னேர் மைக்கின் முதுகு நேராக ஹாட்டைப் பார்க்கும்படி நானும் திருப்பி வைத்தேன், கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப் பக்கம்தான் காது மந்தம்.

கெயின், அதாவது மைக் சத்தம் உள்ளே வரும் அளவு, வைக்கும்போது ஒன்று. “நல்லா ஓங்கி அடி” என்று சொல்லி அளவு பார்த்தால் அவர்கள் அடிப்பது உண்மையான டேக்கில் அடிப்பதை விடக் குறைவாகத்தான் இருக்கும். பாட்டைப் போட்டு, அதன் உச்சமான இடத்தை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். நான் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில், மிகப் பெரிய அடி மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் வைத்தேன். ஒரு டேக் கூட உடையவில்லை.

மிக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஓவர்ஹெட் இரண்டை முதலில் ஏற்றி, முழு இடம் முழு வலம் என்று தள்ளாமல் பாதி அளவுக்குப் பிரித்து, அதிலேயே டிரம்ஸ் டிரம்ஸாகக் கேட்கும் வரைக்கும் வேறு எதையும் திறக்கவில்லை. ஓவர்ஹெட்டின் அடித்தொனியை 300 ஹெர்ட்ஸ் வரைக்கும் வெட்டும் பழக்கம் நிறைய மைக் வைப்பவர்களுக்கானது. இங்கே அதைச் செய்தால் டாம் என்ற ஒன்றே இருக்காது. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வெட்டினேன். பிறகு கிக்கை, ‘இப்போது கால் ஊன்றி நிற்கிறது’ என்று தோன்றும் வரைக்கும் ஏற்றி, ஸ்னேரை அதே மாதிரி கொஞ்சம். ஸ்னேர் டிராக்கை 105 சாம்பிள் (டிஜிட்டல் பதிவின் மிகச் சிறு துண்டு) பின்னால் தள்ளி ஓவர்ஹெட்டோடு நேராக்கியும் பார்த்தேன். 48 கிலோஹெர்ட்ஸில் 76 சென்டிமீட்டருக்கு அதுதான் கணக்கு. (இதைச் செய்தால் போலாரிட்டியை மறுபடி பார்க்க வேண்டும், பழையபடி திருப்ப வேண்டி வரும்.) அடி கெட்டியாக வந்தது, ஆனால் அறையின் ஆழம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, அதனால் பழையபடியே விட்டுவிட்டேன்.

இரண்டே சேனல் உள்ள இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம், அவர்களுக்கு: ஓவர்ஹெட் ஒன்று, கிக் ஒன்று. ஸ்டீரியோவை மறந்துவிடுங்கள். நடுவிலிருந்து வரும் டிரம்ஸ் பழைய பாட்டுகளில் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மூன்று என்றால் நான் ஸ்னேருக்குத்தான் கொடுப்பேன், இரண்டாவது ஓவர்ஹெட்டுக்கு இல்லை. ஒன்றே ஒன்றுதான் என்றால் கிக்கின் மேல் விளிம்புக்குச் சற்று முன்னால், மார்பு உயரத்தில், ஸ்னேருக்கும் கிக் பெடலுக்கும் நடுவே பார்க்கும்படி வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு சாணாக நகர்த்திப் பதிவு செய்து கேளுங்கள். ஒரு சின்ன மிக்சரில் எட்டு மைக்கைச் சேர்த்து இரண்டு சேனலாக உள்ளே அனுப்பும் வழியும் இருக்கிறது, நான் முன்பு ஒரு தடவை செய்தேன். அந்த நேரத்தில் ஹெட்ஃபோனுக்குள் நேரடிச் சத்தமும் புகுந்து வருவதால் அளவு சரியா என்றே தெரியாது, அப்புறம் பிரிக்கவும் முடியாது. நிறைய சோதனை டேக் எடுக்கப் பொறுமை இருந்தால் மட்டும்.

கடைசி நாள்தான் ஐந்தாவது சேனல் கிடைத்தது. இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பக்கம் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தில் லெட் செப்பலின் என்ற ராக் குழு ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ பாட்டைப் பதிவு செய்தபோது, எஞ்சினியர் ஆண்டி ஜான்ஸ், குழுவின் டிரம்மர் ஜான் பொன்ஹாமின் செட்டைக் கீழ்க்கூடத்தில் போட்டு, மாடிப்படிக்கு மேலே இரண்டே இரண்டு பேயர் எம்160 மைக்கைத் தொங்கவிட்டார். 1971-ல் வந்த அந்த டிரம்ஸ் ஒலியை இன்றைக்கும் ஆட்கள் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் மாடிப்படி இருக்கிறது. சேனல்தான் இல்லை. என் ஃபோனை ஏர்பிளேன் மோடில் போட்டு, ரெக்கார்டரை ஓட விட்டு, படித் திருப்பத்தில் ஒரு செருப்பின் மேல் சாய்த்து வைத்தேன். அறைக் கதவைத் திறந்து விட்டோம்.

ஃபோனின் ரெக்கார்டர் சத்தத்தைத் தானாகவே அமுக்கி அமுக்கி எடுக்கும். பேச்சுக்கு அது தொல்லை, இங்கே அதுவே நல்ல கம்ப்ரஸர் வேலை செய்தது. தம்பி ஆரம்பத்தில் தட்டும் நாலு குச்சித் தட்டை வைத்து மற்ற டிராக்குகளோடு நேராக்கினேன், பிறகு 20 மில்லி நொடி பின்னால் தள்ளினேன், அறையிலிருந்து படித் திருப்பம் ஏழு மீட்டர் இருக்கும். நாலு நிமிடப் பாட்டின் முடிவில் ஃபோன் கொஞ்சம் விலகிப் போயிருந்தது, நடுவில் இரண்டு இடத்தில் வெட்டி நகர்த்தியதில் சரியானது. அந்த ஒரு டிராக்கை மற்றவற்றின் அடியில் லேசாகச் சேர்த்ததும் பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒரு கூடமாக விரிந்தது. டாம் உருளும் இடங்களில் அது எவ்வளவு அழகாக இருந்தது என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

நாலாவது பாட்டின் முடிவில் பெரிய கிராஷ் சிம்பல் ஒன்று அடித்து, அது ஓய்ந்து முடிய ஒன்பது நொடி ஆகிறது. அந்த ஓய்வின் வாலில், ஃபோன் டிராக்கில் மட்டும், கீழே வேப்பமரத்திலிருந்து ஒரு குயில் இரண்டு முறை கூவுகிறது. வெட்டிவிடலாமா என்று தம்பியிடம் கேட்டேன். இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டான், அப்புறம் அதைத் தொட வேண்டாம் என்றான்.